பெர்ஃபார்மன்ஸ் டெஸ்டுக்கு முன் பயாஸில் பார்க்க வேண்டியவை

லோடு குறைந்தால் சர்வர் மெதுவாகிறது என்று சொன்னபோது எங்கள் டீமில் யாரும் நம்பவில்லை. பணப் பரிமாற்றச் சேவை ஒன்றை அளந்துகொண்டிருந்தோம். நொடிக்கு 5,000 ரிக்வெஸ்ட் அனுப்பினால் 99-வது பெர்சென்டைல் லேட்டன்சி (நூறில் 99 ரிக்வெஸ்டுக்கு அதற்குள் பதில் வந்துவிடும் நேரம்) 1.1 மில்லி செகண்ட். அதையே 200 ஆகக் குறைத்தால் 1.9. வேலை குறைவாக இருக்கும்போது பதில் சீக்கிரம் வர வேண்டும்தானே? கார்பேஜ் கலெக்‌ஷனைப் பார்த்தோம், கனெக்‌ஷன் பூலைப் பார்த்தோம், நெட்வொர்க் கார்டின் இன்டரப்ட் எந்தக் கோரில் விழுகிறது என்று பார்த்தோம். ஒன்பது வேலை நாள் போயிற்று. கோடில் ஒரு தப்பும் கிடைக்கவில்லை.

பத்தாம் நாள் காலை, டெஸ்ட் ஓடிக்கொண்டிருக்கும்போதே இன்னொரு டெர்மினலில் டர்போஸ்டாட்டை ஓடவிட்டேன். லினக்ஸில் ரூட் அனுமதியோடு ஓட்டும் கருவி அது. ஐந்து நொடிக்கு ஒருமுறை ஒவ்வொரு கோரும் என்ன செய்தது என்று வரிசையாகக் காட்டும். 200 ரிக்வெஸ்ட் ஓடும்போது சி6 என்ற பத்தியில் எல்லாக் கோருக்கும் 90-க்கு மேல் இருந்தது. அதாவது தங்கள் நேரத்தில் பத்தில் ஒன்பது பங்கு கோர்கள் ஆழ்ந்த உறக்கத்தில் இருந்தன. 5,000 ஆக்கியதும் அதே பத்தி சட்டென்று ஒற்றை இலக்கத்துக்கு இறங்கியது. அப்போதுதான் பயாஸை, அதாவது மெஷின் பூட் ஆகும்போது முதலில் ஓடி ஹார்டுவேரை அமைக்கும் மென்பொருளின் மெனுவை, திறந்தேன். அன்றிலிருந்து எந்த டெஸ்டுக்கும் முன்னால் அங்கேதான் தொடங்குகிறேன். அதில் எதை எதற்காகப் பார்க்கிறேன் என்பதை இங்கே எழுதுகிறேன்.

நான் எடுத்துக்காட்டுவது அந்த மெஷினையே. இரண்டு சாக்கெட், ஒவ்வொன்றிலும் ஒரு இன்டெல் ஸியான் கோல்டு 6248. 2019-ல் வந்த பிராசசர். 20 கோர், அடிப்படை வேகம் 2.5 கிகாஹெர்ட்ஸ், டர்போவில் 3.9 வரை, 150 வாட். உங்களிடம் வேறு தலைமுறை இருந்தால் எண்கள் மாறும், பார்க்கும் முறை மாறாது.

முதலில் எழுதி வையுங்கள்

எதையும் மாற்றுவதற்கு முன் இப்போது என்ன இருக்கிறது என்று பதிவு செய்யுங்கள். நான் ஒரு சின்ன ஸ்கிரிப்ட் வைத்திருக்கிறேன். எல்எஸ்சிபியூ கமாண்ட் கொடுக்கும் பிராசசர் விவரம், டிஎம்ஐடீகோடு கருவியில் பயாஸ் வெர்ஷனும் மெமரி விவரமும், கர்னல் வெர்ஷன், பூட் ஆகும்போது கர்னலுக்குக் கொடுத்த பாராமீட்டர்கள், மைக்ரோகோடு (பிராசசருக்குள்ளேயே ஓடும் கோடு) வெர்ஷன், ஒவ்வொரு கோரின் கவர்னர் (கிளாக் வேகத்தை எப்படி ஏற்றி இறக்குவது என்ற லினக்ஸ் அமைப்பு), நியூமா அமைப்பு (எந்த மெமரி எந்தச் சாக்கெட்டோடு சேர்ந்தது என்பது) எல்லாவற்றையும் ஒரே ஃபைலில் கொட்டும். ஒவ்வொரு டெஸ்ட் ரிசல்டோடும் அந்த ஃபைல் சேர்ந்தே போகும். ஆறு மாதம் கழித்து ‘போன தடவை எண் இவ்வளவு இருந்ததே, இப்போது ஏன் இல்லை’ என்று கேள்வி வரும்போது கைகொடுப்பது அது ஒன்றுதான். பெஞ்ச்மார்க் வெளியிடும் ஸ்பெக் நிறுவனத்தின் சிபியூ 2017 ரிசல்டுகளைப் பார்த்திருப்பீர்கள். ஒவ்வொன்றின் கீழும் பயாஸில் என்னென்ன மாற்றினார்கள் என்ற குறிப்பு இருக்கும். அது இல்லாமல் எண்ணுக்கு அர்த்தம் இல்லை.

பயாஸ் அமைப்பைப் பார்க்க ஒவ்வொரு முறையும் ரீபூட் செய்து உள்ளே போக வேண்டியதில்லை. இன்றைய சர்வர்களில் பிஎம்சி (சர்வரைத் தொலைவிலிருந்து நிர்வகிக்க போர்டிலேயே இருக்கும் சின்ன கன்ட்ரோலர்) வழியாக, ரெட்ஃபிஷ் என்ற இடைமுகத்தில் கேட்டால் பயாஸின் எல்லா அமைப்பையும் ஜேசன் ஃபைலாகக் கொடுத்துவிடும். இரண்டு மெஷினின் ஃபைலையும் எடுத்து ஒரு டிஃப் போட்டால் வேறுபாடு கண்ணில் படும். ஒரே பேட்சில் வாங்கிய இரண்டு சர்வரில் ஒன்று மட்டும் தொடர்ந்து மெதுவாக ஓடியது எங்களிடம். டிஃப் போட்டதும் நாலு வரி வித்தியாசம். விசாரித்தபோது, அந்த மெஷினுக்குச் சில மாதம் முன்பு மதர்போர்டு மாற்றியிருந்தார்கள். புது போர்டு தொழிற்சாலை அமைப்போடு வந்திருக்கிறது. பழைய அமைப்பைத் திரும்பப் போட வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. போர்டு மாற்றினாலோ பயாஸை ரீசெட் செய்தாலோ இந்த டிஃபைக் கட்டாயம் பாருங்கள்.

ப்ரொஃபைல் என்ற பெரிய சுவிட்ச்

டெல் பவர்எட்ஜில் இதன் பெயர் சிஸ்டம் ப்ரொஃபைல், எச்பிஇ ப்ரோலியன்டில் வொர்க்லோடு ப்ரொஃபைல். மற்றவர்களும் இதே மாதிரி ஏதோ ஒன்று வைத்திருப்பார்கள். வாங்கி வந்ததும் இது பெரும்பாலும் மின்சாரத்தையும் வேகத்தையும் சமன் செய்யும் நிலையில் இருக்கும். அன்றாட வேலைக்கு அது சரியான தேர்வு. அளவெடுக்கும் வேலைக்கு அது சரிப்படாது. ஏனென்றால் மெஷின் தானாக முடிவெடுத்துக்கொண்டே இருக்கும்.

இதில் ஒரு விஷயம். சில ப்ரொஃபைல்களில் கிளாக் வேகத்தை ஆபரேட்டிங் சிஸ்டத்திடம் கொடுக்காமல் பயாஸே வைத்துக்கொள்ளும். அப்போது சிபியூபவர் கருவியில் கிளாக் வேகத் தகவல் கேட்டால், டிரைவரே இல்லை என்று பதில் வரும். அந்தப் பதிலைப் பார்த்தால் லினக்ஸ் பக்கம் எதையும் தேடாதீர்கள், நேராக பயாஸுக்குப் போங்கள்.

பெர்ஃபார்மன்ஸ் ப்ரொஃபைலைத் தேர்ந்தெடுத்துவிட்டு நகர்ந்துவிடலாமே என்று தோன்றும். நான் அப்படிச் செய்வதில்லை. அது ஒரே அடியில் ஐந்தாறு அமைப்பை மாற்றிவிடும், எது பலன் கொடுத்தது என்று தெரியாது. கஸ்டம் என்பதைத் தேர்ந்தெடுத்து ஒவ்வொன்றாகக் கையில் எடுப்பதே என் வழக்கம்.

கோர்களின் உறக்கம்

சி-ஸ்டேட் என்பது கோர் வேலையில்லாமல் இருக்கும்போது எவ்வளவு ஆழமாக உறங்கலாம் என்பதற்கான படிகள். சி0 என்றால் விழித்து வேலை செய்கிறது. சி1-ல் கண்ணை மூடுகிறது. சி6-ல் கோரின் நிலையை வேறிடத்தில் பத்திரப்படுத்திவிட்டு, அதன் சொந்தக் கேஷைக் காலி செய்துவிட்டு, மின்சாரத்தையே நிறுத்திவிடுகிறது. எழுந்திருக்க எவ்வளவு நேரம் ஆகும் என்று லினக்ஸ் கர்னல் ஓர் அட்டவணை வைத்திருக்கிறது. இந்தப் பிராசசர் தலைமுறைக்கு அதில் சி1-க்கு 2 மைக்ரோ செகண்ட், அதைவிடச் சற்று ஆழமான சி1இ-க்கு 10, சி6-க்கு 133.

இப்போது எங்கள் 200 ரிக்வெஸ்டுக்கு வாருங்கள். ஒரு ரிக்வெஸ்ட் நெட்வொர்க் கார்டில் வந்து விழுகிறது, ஒரு கோர் எழுகிறது. முன்னால் இருக்கும் ப்ராக்சி அதை வாங்கிச் சேவைக்குத் தருகிறது, இன்னொரு கோர் எழுகிறது. சேவை அதே மெஷினில் இருக்கும் டேட்டாபேஸைக் கேட்கிறது. பதில் அதே வழியில் திரும்புகிறது. எண்ணிப் பார்த்தால் ஆறு இடத்தில் யாரோ யாரையோ எழுப்ப வேண்டும். ஆறு முறை 133 என்றால் கிட்டத்தட்ட 800 மைக்ரோ செகண்ட். 1.1-க்கும் 1.9-க்கும் நடுவே நாங்கள் ஒன்பது நாள் தேடிய 0.8 மில்லி செகண்ட் இதோ. லோடு அதிகமானால் கோர்களுக்கு உறங்க நேரம் கிடைப்பதில்லை, அதனால் பதிலும் சீக்கிரம் வருகிறது.

இதைச் சோதித்துப் பார்க்க பயாஸுக்குப் போக வேண்டாம், ரீபூட்டும் வேண்டாம். சிபியூபவர் கருவியில் ஐடில்-செட் என்ற கமாண்ட் இருக்கிறது. அதற்குப் பெரிய எழுத்து டி ஆப்ஷனோடு 10 என்று கொடுத்தால், எழ 10 மைக்ரோ செகண்டோ அதற்கு மேலோ ஆகும் எல்லாப் படியும் மூடப்படும். சி1 மட்டும் மிஞ்சும். பெரிய எழுத்து இ கொடுத்தால் எல்லாம் பழையபடி திறக்கும். டெஸ்ட் ஓடும்போதே மாற்றி மாற்றிப் பார்க்கலாம். நாங்கள் மூடிய அந்த நொடியே கிராஃப் படிக்கட்டு மாதிரி இறங்கியது. ஒன்பது நாள் உழைத்த பையன்கள் எழுந்து வந்து ஸ்கிரீனைச் சுற்றி நின்றார்கள். அந்தப் படிக்கட்டின் படம் இன்னும் என்னிடம் இருக்கிறது.

நிரந்தரமாக வைக்க வேண்டும் என்றால் கர்னல் பாராமீட்டரில் இன்டெல் ஐடில் டிரைவரின் அதிகபட்ச சி-ஸ்டேட்டை 1 என்று கொடுங்கள். 0 கொடுக்காதீர்கள். 0 என்றால் உறக்கமே இல்லை என்று பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் அது இன்டெல் டிரைவரையே அணைத்துவிடும்; அதன் இடத்தில் ஏசிபிஐ டிரைவர் வந்து பயாஸ் சொல்லும் சி-ஸ்டேட்டுகளை எடுத்துக்கொள்ளும். இதற்கு நேர்மாறான சிக்கலும் உண்டு. பயாஸில் சி-ஸ்டேட்டை அணைத்தாலும், பழைய கர்னல்களில் இன்டெல் டிரைவர் தன் சொந்த அட்டவணையை நம்பி சி6-க்குப் போய்விடும். ஆகவே பயாஸ் மெனுவில் அணைத்ததை நம்பாமல் டர்போஸ்டாட்டில் சி6 பத்தி சுழியம் ஆனதா என்று பாருங்கள்.

சரி, எல்லா டெஸ்டுக்கும் சி6-ஐ அணைத்துவிடலாமா? வேண்டாம். 3.9 கிகாஹெர்ட்ஸ் என்று பெட்டியில் போட்டிருக்கும் வேகம், ஒன்றிரண்டு கோர் மட்டும் ஓடி மற்றவை ஆழமாக உறங்கும்போது கிடைப்பது. மற்ற கோர்கள் சி1-ல் நின்றால் பிராசசர் அவற்றையும் விழித்திருப்பவை என்றே கணக்கில் வைக்கும். உச்ச வேகத்தைக் கொடுக்காது. ஒற்றைத் திரெட்டில் ஓடும் வேலையை அளக்கிறீர்கள் என்றால் சி6-ஐ அணைத்ததாலேயே எண் குறையக்கூடும். லேட்டன்சிக்கு அணையுங்கள், ஒற்றைத் திரெட் வேகத்துக்கு விட்டுவையுங்கள்.

டர்போ

டர்போ பூஸ்ட் 2008-ல் நெஹாலம் தலைமுறையோடு வந்தது. எத்தனை கோர் ஓடுகிறது, எவ்வளவு வாட் இழுக்கிறது, எவ்வளவு சூடு, எந்த வகைக் கட்டளை ஓடுகிறது என்று பார்த்து வேகத்தை ஏற்றி இறக்கும். ஒரே தடவையில் நிறைய எண்களைக் கணக்கிடும் ஏவிஎக்ஸ்-512 கட்டளைகள் கனமாக ஓடினால் இந்தத் தலைமுறையில் வேகம் நன்றாகவே இறங்கும். அதாவது ஒரு லைப்ரரியை அப்டேட் செய்ததில் அது புதிதாக ஏவிஎக்ஸ்-512 பயன்படுத்தத் தொடங்கினால், பக்கத்தில் ஓடும், தொடவே தொடாத கோடும் மெதுவாகலாம்.

ஒரு மே மாதம் எங்கள் லேபில் காலை எடுத்த எண்ணை மத்தியானம் எடுத்தால் ஆறு சதவீதம் குறைவாக வந்தது. அதே பில்டு, அதே மெஷின். லேபின் இரண்டு ஏசியில் ஒன்று ரிப்பேர். டர்போஸ்டாட்டில் பேக்கேஜ் வெப்பநிலைப் பத்தியையும், கோர் ஓடும்போது இருந்த சராசரி மெகாஹெர்ட்ஸ் பத்தியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். ஒன்று ஏற, மற்றது இறங்கிக்கொண்டிருந்தது. அந்த வாரம் ‘இந்த மாற்றத்தால் மெதுவாகிவிட்டது’ என்று திருப்பி அனுப்பிய இரண்டு கோடு மாற்றங்களைக் கூப்பிட்டு மறுபடி அளந்தோம். இரண்டிலும் குறை இல்லை.

அதனால் என் முறை இது. பழைய கோடையும் புதிய கோடையும் ஒப்பிடும்போது டர்போவை அணைக்கிறேன். கிளாக் வேகத்தை நிர்வகிக்கும் இன்டெல் பி-ஸ்டேட் டிரைவர் இருந்தால் அதன் நோ-டர்போ ஃபைலில் 1 எழுதினால் போதும். ஏஎம்டியில் பயாஸில் கோர் பெர்ஃபார்மன்ஸ் பூஸ்ட் என்று தேடுங்கள். அணைத்த பிறகு மெகாஹெர்ட்ஸ் பத்தியில் எல்லாக் கோரும் 2,500-ஐ ஒட்டி அசையாமல் நிற்க வேண்டும். எண் சிறியதாக இருக்கும், ஆனால் நம்பலாம். இந்த மெஷின் மொத்தம் எவ்வளவு தாங்கும் என்று அளக்கும்போது மட்டும் டர்போவைத் திறந்து வைக்கிறேன், ஏனென்றால் ப்ரொடக்‌ஷனில் அது திறந்துதான் இருக்கும். அப்போது முதல் பத்து நிமிட ரிசல்டைத் தூக்கிப் போட்டுவிடுங்கள். மெஷின் சூடேறி நிலைக்கு வரட்டும்.

கவர்னரை பெர்ஃபார்மன்ஸ் என்று வையுங்கள். இன்டெல் பி-ஸ்டேட் டிரைவரில் பவர்சேவ் என்ற பெயர் ஏமாற்றும். அது வேகத்தைக் கீழேயே பிடித்து வைப்பதில்லை, தேவைக்கேற்ப ஏற்றி இறக்குகிறது. ஆனால் அந்த ஏற்ற இறக்கம்தான் நமக்கு வேண்டாதது.

ஹைப்பர்திரெடிங், நியூமா, மெமரி

ஹைப்பர்திரெடிங் ஒவ்வொரு கோரையும் இரண்டு திரெட்டாகக் காட்டும்; அதனால் 40 கோர் இருக்கும் மெஷின் லினக்ஸில் 80 என்று தெரியும். ஹைப்பர்திரெடிங்கை ப்ரொடக்‌ஷனில் எப்படி வைத்திருக்கிறீர்களோ அப்படியே டெஸ்டிலும் வையுங்கள். ஆனால் 50 சதவீத சிபியூ பயன்பாடு என்று பார்த்துவிட்டு இன்னும் பாதி மிச்சம் இருக்கிறது என்று கணக்குப் போடாதீர்கள். ஒரே கோரின் இரண்டாவது திரெட் இன்னொரு கோர் ஆகிவிடாது. கோர்களைக் குறிப்பிட்டு ஒதுக்கும்போது எந்த எண்ணும் எந்த எண்ணும் ஜோடி என்று பார்த்துவிட்டு ஒதுக்குங்கள். ஒரு மெஷினில் 0-வும் 40-ம் ஜோடி. இன்னொன்றில் 0-வும் 1-ம். ஒவ்வொரு சிபியூ அடைவிலும் டோபாலஜிக்குள் திரெட் சிப்ளிங் பட்டியல் இருக்கிறது, அதைத் திறந்து பாருங்கள்.

நியூமாவுக்குக் கொஞ்சம் நேரம் கொடுங்கள். இரண்டு சாக்கெட் என்றால் மெமரியும் இரண்டு பங்கு; சாக்கெட்டும் அதன் பங்கும் சேர்ந்தது ஒரு நோடு. தன் பக்கத்து மெமரியைத் தொட ஆகும் நேரத்தைவிட அடுத்த சாக்கெட்டின் மெமரியைத் தொட அதிக நேரம் ஆகும். நியூமாசிடிஎல் கருவியில் ஹார்டுவேர் ஆப்ஷன் கொடுத்தால் ஒரு சின்ன அட்டவணை வரும்: தனக்குத்தான் 10, அடுத்த சாக்கெட்டுக்கு 21. இரண்டு சாக்கெட் மெஷினில் ஒரே ஒரு நோடு மட்டும் காட்டினால், பயாஸில் நோடு இன்டர்லீவிங் திறந்திருக்கிறது என்று சந்தேகப்படுங்கள். அது திறந்திருந்தால் மெமரி இரண்டு பக்கமும் மாறி மாறிப் பரப்பப்படும். பக்கம் எது, தூரம் எது என்று லினக்ஸுக்கே தெரியாது. அதை மூடுங்கள். நாலு நோடு காட்டினால், ஒரு சாக்கெட்டையே இரண்டு நோடாகப் பிரிக்கும் சப்-நியூமா கிளஸ்டரிங் திறந்திருக்கலாம். ஏஎம்டி எபிக்கில் இதே வேலையை என்பிஎஸ் என்ற அமைப்பு செய்யும், 1, 2, 4 என்று.

அப்புறம், புராசஸை ஒரு நோடில் கட்டிப் போட்டால் மெமரியையும் அதே நோடில் கட்டுங்கள். கோரை மட்டும் கட்டிவிட்டு மெமரியை விட்டுவிடுவதை நிறையப் பார்க்கிறேன். நெட்வொர்க் கார்டு எந்தச் சாக்கெட்டில் செருகியிருக்கிறது என்பதையும் பாருங்கள். லோடு ஜெனரேட்டரை இதே மெஷினில் ஓட்டாதீர்கள், தனி மெஷின் வேண்டும்.

மெமரிக்கு டிஎம்ஐடீகோடில் இரண்டு வரி பார்த்தால் போதும். ஒன்று டிம்மின் (செருகும் மெமரி அட்டையின்) வேகம், அடுத்தது கான்ஃபிகர் ஆன வேகம். ஒரு முறை முதல் வரியில் 2933, அடுத்ததில் 2666 என்று இருந்தது. மெமரி கூட்டுவதற்காக ஒரு சேனலில் இரண்டாவது டிம் செருகியிருந்தார்கள், வேகம் இறங்கிவிட்டது. இந்தப் பிராசசருக்குச் சாக்கெட்டுக்கு ஆறு சேனல். ஆறிலும் ஒரே அளவு டிம் ஒவ்வொன்று என்று சமமாக நிரப்பியிருக்கிறதா என்று பாருங்கள். எட்டு டிம் செருகிய மெஷின்களும் இருக்கின்றன, அவற்றில் மெமரி பேண்ட்வித் எண்ணை நம்பாதீர்கள்.

பயாஸ் அப்டேட்

2018 ஜனவரியில் மெல்ட்டவுன், ஸ்பெக்டர் என்ற பிராசசர் பாதுகாப்பு ஓட்டைகள் வெளியானபோது அந்த ஒரு மாதத்தில் எல்லாருடைய பழைய எண்களும் காலாவதி ஆயின. கர்னல் திருத்தம், மைக்ரோகோடு இரண்டும் வேகத்தைத் தொட்டன. பயாஸ் அப்டேட் பெரும்பாலும் புது மைக்ரோகோடையும் கொண்டுவரும். ஆகவே அப்டேட்டுக்கு முன் எடுத்த எண்ணோடு பின் எடுத்த எண்ணை ஒப்பிடாதீர்கள். பழைய பில்டை மறுபடி ஓட்டிப் புது அடிப்படை எடுங்கள். சிஸ்டம் அடைவில் சிபியூவுக்குக் கீழே வல்னரபிலிட்டீஸ் என்று ஓர் அடைவு இருக்கிறது, எந்தெந்தப் பாதுகாப்பு இயங்குகிறது என்று அதில் தெரியும். அதையும் ஸ்கிரிப்டில் சேருங்கள். எண் நன்றாக வர வேண்டும் என்பதற்காக இந்தப் பாதுகாப்பையெல்லாம் அணைத்து அளக்க வேண்டாம். ப்ரொடக்‌ஷனில் அணைக்க மாட்டோம் என்றால் டெஸ்டிலும் அணைக்கக் கூடாது.

தேவைப்படப்போகும் டேட்டாவை முன்கூட்டியே கேஷுக்கு எடுத்து வரும் ப்ரீஃபெச்சர் அமைப்புகளைத் தொடாதீர்கள். நல்ல காரணம் கையில் இருந்தால் தவிர, இயல்பு நிலையே சரி. டர்போஸ்டாட்டில் எஸ்எம்ஐ என்ற பத்தியில் எண் ஏறிக்கொண்டே இருந்தால் மட்டும் கவனியுங்கள். ஃபர்ம்வேர் இடையில் புகுந்து எல்லா கோரையும் நிறுத்தி வேலை செய்கிறது என்று பொருள், லினக்ஸுக்கு அது தெரியாது.

ஓட்டும் முறை

எல்லாம் வைத்த பிறகு, ஒரே பில்டைப் பத்து முறை ஓட்டுங்கள். எதையும் மாற்றாதீர்கள். பத்து எண்ணும் எவ்வளவு சிதறுகின்றன என்று பாருங்கள். மூன்று சதவீதம் சிதறுகிறது என்றால் அந்த மெஷினில் இரண்டு சதவீத முன்னேற்றத்தை யாரும் நிரூபிக்க முடியாது; சிதறலைக் குறைத்துவிட்டு வாருங்கள். ஒப்பிடும்போது பழையதைப் பத்து முறை, பிறகு புதியதைப் பத்து முறை என்று ஓட்டாமல், பழையது, புதியது, பழையது, புதியது என்று மாற்றி மாற்றி ஓட்டுங்கள். ஏசி நின்றாலும் இரண்டையும் ஒரே மாதிரி பாதிக்கும். பயாஸில் ஒரு நேரத்தில் ஓர் அமைப்பு மட்டும் மாற்றுங்கள். மாற்றி ரீபூட் செய்ததும் ஸ்கிரிப்டை ஓட்டி, நீங்கள் கேட்டது நடந்ததா என்று பாருங்கள்.

அந்தப் பணப் பரிமாற்றச் சேவைக்கு என்ன செய்தோம் என்று சொல்ல வேண்டும். டெஸ்ட் மெஷினில் மட்டும் சி6-ஐ மூடி நல்ல எண்ணைக் காட்டியிருக்கலாம். அது வாடிக்கையாளருக்குக் கிடைக்காத எண். ஆபரேஷன்ஸ் குழுவிடம் படிக்கட்டுப் படத்தையும், கூடுதலாக இழுக்கும் வாட் கணக்கையும் இரண்டையும் வைத்துப் பேசினோம். அந்தச் சேவை ஓடும் எட்டு சர்வரில் மட்டும் மூட ஒத்துக்கொண்டார்கள். மற்றவை பழையபடியே ஓடுகின்றன. அந்த எட்டின் முகப்பிலும் ஒரு வெள்ளை டேப் ஒட்டியிருக்கிறது: சி6 மூடியது, டர்போ திறந்தது, பயாஸ் வெர்ஷன், தேதி. போர்டு மாற்ற வருகிறவர் கண்ணில் முதலில் படுவது அதுதான்.